நாடாளுமன்றக் குழுவுக்கு மனு அனுப்பி, நேர்ல போய் பேசுறது எப்படி

ஒரு மசோதா வந்துடுச்சு, அது உங்க தொழிலையோ உங்க ஊரையோ உங்க உடம்பையோ நேரடியா தொடுது, டிவியில நாலு பேர் கத்திக்கிட்டு இருக்காங்க, உங்ககிட்ட சொல்ல விஷயம் இருக்கு ஆனா யார்கிட்ட போய் சொல்றதுன்னு தெரியல. அந்த நிலைமையில இருக்கறவங்களுக்குத்தான் இது. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். குழு முன்னாடி எடுபடறது கோவமும் இல்ல, பெரிய படிப்பும் இல்ல. "இந்த ஷரத்துல இந்த வார்த்தையை எடுத்துட்டு இதைப் போடுங்க, ஏன்னா நடைமுறையில இப்படித்தான் ஆகுது"ன்னு சொல்ற ஒரு வாக்கியம்தான். (ஷரத்துன்னா மசோதாவுல எண் போட்டு எழுதியிருக்கற ஒவ்வொரு பிரிவு.) மத்த வேலை எல்லாமே அந்த வாக்கியத்தை உருவாக்கறதுக்கும் அதைப் பதிவுல ஏத்தறதுக்கும்தான்.

எங்க சொல்றது, எப்ப சொல்றது

நாடாளுமன்றத்துல துறை வாரியா 24 நிலைக்குழு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் 31 பேர், மக்களவையிலருந்து 21, மாநிலங்களவையிலருந்து 10. ஒரு மசோதா இந்த நிலைக்குழுவுக்குப் போகலாம், இல்லன்னா அந்த மசோதாவுக்குன்னே அமைக்கிற கூட்டுக்குழுவுக்கோ (ரெண்டு சபை எம்பிக்களும் இருப்பாங்க) தெரிவுக்குழுவுக்கோ (ஒரே சபை எம்பிக்கள்) போகலாம். போச்சுன்னா குழு பொதுவா ஒரு அறிவிப்பு விடும், பேப்பர்ல விளம்பரம் வரும், நாடாளுமன்ற வெப்சைட்லயும் வரும், பொதுமக்கள் அமைப்புகள் நிபுணர்கள் எல்லாரும் கருத்து அனுப்பலாம்னு. பெரும்பாலும் 15 நாள்தான் டைம் குடுப்பாங்க. பேப்பர்ல பாத்த பிறகு மீட்டிங் போட்டு பேசி முடிவெடுத்து எழுத ஆரம்பிச்சா 15 நாள் பத்தவே பத்தாது, அதனால மசோதா தாக்கல் ஆன அன்னைக்கே படிக்க ஆரம்பிச்சுடுங்க.

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போறதில்ல, அது இப்ப ரொம்பவே குறைஞ்சிருக்கு. நாடாளுமன்ற வேலையை ஆராயற பிஆர்எஸ்ங்கற அமைப்போட கணக்குப்படி 15வது மக்களவையில 71 சதவீத மசோதா குழுவுக்குப் போச்சு, 17வது மக்களவையில அது 16 சதவீதம். 2020ல மூணு வேளாண் மசோதாவும் குழுவுக்குப் போகாமலே நிறைவேறிச்சு, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு நாடே பாத்துச்சு. அதனால குழுவுக்கு முந்தின கட்டத்தையும் விட்டுடாதீங்க. 2014ல மத்திய அரசு ஒரு கொள்கை கொண்டுவந்துச்சு, எந்த அமைச்சகமா இருந்தாலும் சட்ட வரைவை குறைஞ்சது 30 நாள் பொதுவெளியில வைச்சு கருத்து கேக்கணும்னு. அதுக்கு சட்ட பலம் கிடையாது, பல மசோதாவுல பின்பற்றறதும் இல்ல, ஆனா வரைவு வெளியில வந்தா அந்த 30 நாள்தான் இருக்கறதுலயே நல்ல நேரம். அரசாங்கம் இன்னும் "இதுதான் எங்க முடிவு"ன்னு கௌரவப் பிரச்சனையா எடுத்துக்காத நேரம் அது.

நம்ம தமிழ்நாடு சட்டமன்றத்துல நிலைமை வேற. இங்க தாக்கல் பண்ணி அதே கூட்டத்தொடர்ல நிறைவேத்தறதுதான் வழக்கம், தெரிவுக்குழுவுக்கு அனுப்பறது அபூர்வம். 2023 ஏப்ரல் 21ம் தேதி 12 மணி நேர வேலைக்கு வழி விடற தொழிற்சாலை திருத்த மசோதா நிறைவேறினப்ப தொழிற்சங்கங்களுக்கு குழு முன்னாடி பேசற வாய்ப்பே இல்ல, வெளியில எதிர்ப்பு கிளம்பி, கூட்டணிக் கட்சிகளும் சேர்ந்து எதிர்த்து, மே தினத்தன்னைக்கு வாபஸ்னு அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் அறிவிச்சார். முன்னாடியே உக்கார வைச்சு கேட்டிருந்தா இதெல்லாம் தேவைப்பட்டிருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. மாநில மசோதான்னா உங்க எம்எல்ஏ, துறைச் செயலாளர், எதிர்க்கட்சிக்காரங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல எழுதுங்க, "தெரிவுக்குழுவுக்கு அனுப்புங்க"ன்னு கேக்கறதையே முதல் கோரிக்கையா வைங்க. கீழ நான் சொல்ற எழுதற முறை அதுக்கும் அப்படியே பொருந்தும்.

மசோதாவை பின்னாடியிலருந்து படிங்க

ஷரத்து 1லருந்து படிக்க ஆரம்பிச்சா மூணாம் பக்கத்துலயே தூக்கம் வந்துடும். பின்னாடி போங்க. அங்க நோக்கக் காரண விளக்கவுரைன்னு ஒண்ணு இருக்கும், எதுக்காக இந்தச் சட்டம்னு அமைச்சர் கையெழுத்துப் போட்டு சொல்லியிருப்பார். அதை நல்லா அடிக்கோடு போட்டு வைச்சுக்குங்க, ஏன்னா "நீங்களே சொன்ன நோக்கத்துக்கு இந்த ஷரத்து எதிரா இருக்கு"ன்னு சொல்றதை விட பலமான வாதம் கிடையாது. அதுக்குப் பக்கத்துலயே நிதிக் குறிப்பு இருக்கும், இதுக்கு அரசு எவ்வளவு செலவு பண்ணப்போகுதுன்னு. பெரிய பெரிய உரிமை எல்லாம் எழுதிட்டு நிதிக் குறிப்புல தனியா செலவு எதுவும் இல்லன்னு போட்டிருந்தா அந்த உரிமை காகிதத்துலதான் இருக்கப்போகுது, அதை அப்படியே கேளுங்க.

அடுத்து இருக்கறது ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றும் அதிகாரம் பத்தின குறிப்பு. பேரு வாயில நுழையாது ஆனா நான் முதல்ல படிக்கச் சொல்றது இதைத்தான். எந்தெந்த விஷயத்தை சட்டத்துல எழுதாம, பின்னாடி அரசு விதி போட்டு முடிவு பண்ணிக்கும்ங்கற பட்டியல் இங்கதான் இருக்கும். "வகுக்கப்படும் விதத்தில்"னு மசோதாவுல எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் ஒரு வட்டம் போடுங்க. யார் அதிகாரி, எத்தனை நாள்ல பதில் வரும், அப்பீல் எங்க பண்றது, கட்டணம் எவ்வளவு, இது எல்லாம் அந்த வட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருந்தா நாளைக்கு நாடாளுமன்றத்துல புதுசா மசோதா கொண்டுவராமலே மாத்திடலாம். "இந்தக் கால வரம்பை விதிக்கு விடாதீங்க, சட்டத்துலயே எழுதுங்க"ன்னு கேக்கறது நியாயமான கோரிக்கை, குழு உறுப்பினர்களுக்கும் அது பிடிக்கும், ஏன்னா அவங்க அதிகாரம் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

திருத்த மசோதான்னா தனியா படிச்சு ஒண்ணும் புரியாது, "இன்ன வார்த்தைக்குப் பதிலா இன்ன வார்த்தை"ன்னு மட்டும் இருக்கும். மூலச் சட்டத்தோட சம்பந்தப்பட்ட பிரிவுகளை கடைசியில இணைப்பா குடுத்திருப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைச்சு, மாத்தினா எப்படி இருக்கும்னு கையால ஒரு தடவை எழுதிப் பாருங்க, அப்பத்தான் ஒரே ஒரு "மற்றும்" எடுத்துட்டு "அல்லது" போட்டதுல என்ன ஆகுதுன்னு கண்ணுல படும்.

ஒரு உண்மையான உதாரணம்

திருநர் உரிமை மசோதாவை எடுத்துக்குங்க. 2014ல உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்குத் தீர்ப்புல பாலின அடையாளத்தை அவங்கவங்களே தீர்மானிக்கலாம்னு சொல்லிடுச்சு. ஆனா 2016ல வந்த மசோதாவுல வரையறை எப்படி இருந்துச்சுன்னா, முழுசா பெண்ணும் இல்லாத முழுசா ஆணும் இல்லாத ஒருத்தர்ங்கற மாதிரி. கூடவே, அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட அளவுல ஒரு பரிசோதனைக் குழு, பிச்சை எடுக்க வைக்கறதை குற்றம்னு சொல்ற ஒரு ஷரத்து. தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயம் இல்ல, 2008லயே திருநங்கையர் நல வாரியம் அமைச்ச மாநிலம் இது. மசோதா சமூக நீதி நிலைக்குழுவுக்குப் போச்சு, 2017 ஜூலையில அறிக்கை வந்துச்சு, அந்த வரையறையை குழு கடுமையா விமர்சிச்சுச்சு.

கடைசியில 2019ல சட்டமா வந்தப்ப வரையறை மாறியிருந்துச்சு, பரிசோதனைக் குழு போயிருந்துச்சு, பிச்சை ஷரத்தும் போயிருந்துச்சு. ஆனா மாவட்ட ஆட்சியர்கிட்ட சான்றிதழ் வாங்கணும்ங்கறது அப்படியே நின்னுடுச்சு, அதை எதிர்த்து இன்னைக்கும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க. நான் இதுல முக்கியமா பாக்கறது என்னன்னா, மாறின மூணுமே விரல் வைச்சுக் காட்டக்கூடிய இடங்கள். இந்த வரையறை தீர்ப்புக்கு முரண், இந்தப் பரிசோதனைக் குழு தீர்ப்புக்கு முரண், இந்த ஷரத்து எங்களையே ஜெயில்ல போடும்னு ஷரத்து ஷரத்தா சொல்ல முடிஞ்சது. தெருவுல இறங்கிப் போராடினவங்களும் குழுவுக்கு எழுதினவங்களும் ஒண்ணுக்கொண்ணு மாத்து இல்ல, ரெண்டும் சேந்துதான் வேலை செஞ்சுது.

மனு எழுதறது

முதல் பக்கம் மட்டும்தான் எல்லாரும் படிப்பாங்கன்னு நினைச்சு எழுதுங்க. நீங்க யாரு, எத்தனை பேர் சார்பா பேசறீங்க, எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க, அது ரெண்டு வரி. அப்புறம் மசோதாவை ஆதரிக்கறீங்களா, எதிர்க்கறீங்களா, திருத்தத்தோட ஆதரிக்கறீங்களா, ஒரு வரி. அப்புறம் உங்க கோரிக்கை மூணு, அவ்வளவுதான். பதினஞ்சு கோரிக்கை வைச்சா எது முக்கியம்னு குழுவே முடிவு பண்ணிக்கும், அது உங்களுக்கு முக்கியமானதா இருக்காது.

ரெண்டாம் பக்கத்துலருந்து ஒவ்வொரு ஷரத்தா. மசோதாவுல இப்ப இருக்கற வாசகம், அதனால என்ன ஆகும், நாங்க கேக்கற மாற்று வாசகம். மாற்று வாசகத்தை எழுதறதுக்கு பயப்படாதீங்க, வக்கீல் பாஷை தேவையில்ல, தெளிவா இருந்தா போதும். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014ல பொருள் பறிமுதல் பத்தி ஒரு பிரிவு இருக்கு. பறிமுதல் பண்ணா பட்டியல் போட்டுக் குடுக்கணும், அழுகற பொருளா இருந்தா வியாபாரி திருப்பிக் கேட்ட அன்னைக்கே குடுக்கணும், மத்ததுன்னா கேட்டதுலருந்து 2 வேலை நாளுக்குள்ள குடுக்கணும்னு. "நியாயமான காலத்துக்குள்"னு பொத்தாம்பொதுவா எழுதியிருந்தா தள்ளுவண்டிக்கார அக்காவுக்கு அதனால என்ன பிரயோஜனம், மூணு நாள் கழிச்சு வர்ற தக்காளியை யார் வாங்குவாங்க. அழுகற பொருள் வேற, அழுகாத பொருள் வேறன்னு பிரிச்சு எழுதணும்ங்கறது டெல்லியில உக்காந்து எழுதறவங்களுக்கு தானா தோணாது, வண்டி தள்றவங்களுக்கு சாதாரணமா தெரியும். உங்ககிட்ட இருக்கற அந்த மாதிரி அறிவுதான் மனுவோட உயிர்.

ஆதாரம் வைங்க. ரசீது, நோட்டீஸ், ஆர்டிஐ பதில், போட்டோ, உங்க சங்கத்துல நீங்களே எடுத்த கணக்கு, எதுவா இருந்தாலும் எப்படி எடுத்தீங்கன்னு ஒரு வரி சேத்து. தெரியாத நம்பரை போடவே போடாதீங்க, ஒரு நம்பர் தப்புன்னு ஒரு உறுப்பினர் காட்டிட்டா மீதி உண்மையும் சேந்து அடிபடும்.

மொழி விஷயம்தான் நமக்கு பெரிய தொல்லை. குழு அறிவிப்புல பெரும்பாலும் இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ ரெண்டு காப்பி அனுப்பச் சொல்லுவாங்க. இது சரியில்லைன்னு நான் வெளிப்படையாவே சொல்லுவேன். 2020ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தப்ப இதே பிரச்சனை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அரசியல் சாசனத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கற, தமிழும் சேந்த மொழிகள்ல மொழிபெயர்க்கணும்னு சொல்லி, கருத்து சொல்ற கடைசி நாளை ஆகஸ்ட் 11 வரைக்கும் நீட்டிச்சாங்க. அதனால "தமிழ்ல மசோதா குடுங்க, டைம் நீட்டிங்க"ன்னு தனியா ஒரு கடிதம் போடுங்க, ஆனா அதுக்காக காத்திருக்காம மனுவை தமிழ்ல யோசிச்சு தமிழ்லயே முழுசா எழுதி, காலேஜ் படிக்கற பசங்களையோ தெரிஞ்ச வக்கீலையோ வைச்சு இங்கிலீஷ் ஆக்கி, ரெண்டையும் சேத்து அனுப்புங்க. நேரா இங்கிலீஷ்ல எழுதப் போனா நம்ம ஆளுங்க சொன்னது எல்லாம் காணாமப் போயி அறிக்கை மாதிரி ஆயிடுது.

ஒரே மாதிரி கடிதத்தை ஆயிரம் பேர் பேர் மாத்தி அனுப்பறதைப் பத்தி. 2024ல வக்ஃப் திருத்த மசோதா கூட்டுக்குழுவுக்கு வந்த மனுக்கள் லட்சக்கணக்குல. அந்தக் குவியல்ல பொதுவா எழுதின ஒரு மெயிலுக்கு எண்ணிக்கையில ஒண்ணுங்கறதைத் தவிர வேற மதிப்பு கிடைக்கறது கஷ்டம். ஆயிரம் ஒரே மெயிலை விட, பத்து ஊர்லருந்து பத்து வேற வேற அனுபவத்தோட, ஆனா ஒரே மாற்று வாசகத்தைக் கேக்கற பத்து மனு எவ்வளவோ மேல்.

கடைசியில மறக்காம ஒரு வரி, "குழு முன் நேரில் சாட்சியம் அளிக்க விரும்புகிறோம்". இதை எழுதலைன்னா கூப்பிடற வாய்ப்பு ரொம்பக் குறைவு, எழுதினாலும் கூப்பிடறது குழுவோட விருப்பம். இன்னொண்ணு, அனுப்பின மனு குழுவோட ஆவணம் ஆயிடும், ரகசியமா வைச்சுக்கணும்னு அறிவிப்புலயே போட்டிருப்பாங்க, அதனால அதை அப்படியே ஃபேஸ்புக்ல போடாதீங்க. உங்க நிலைப்பாட்டை வெளியில பேசறதுக்கு தனியா ஒரு அறிக்கை எழுதிக்குங்க.

கூப்பிட்டுட்டாங்க, இப்ப

சில சமயம் குழுவே மாநிலத்துக்கு வரும், வக்ஃப் கூட்டுக்குழு 2024 செப்டம்பர் கடைசியில சென்னைக்கு வந்துச்சு. இல்லன்னா டெல்லி, நாடாளுமன்ற வளாகம். கடிதம் வந்த உடனே குழுவோட செயலகத்துக்கு போன் போட்டு கேக்க வேண்டியது: எத்தனை பேர் வரலாம், எவ்வளவு நேரம், தமிழ்ல பேசலாமா, மொழிபெயர்ப்பாளரை அவங்க ஏற்பாடு பண்றாங்களா நாங்க கூட்டிட்டு வரணுமா, பயணச் செலவு உண்டா, பாஸுக்கு என்ன அடையாள அட்டை. சங்கடப்படாம கேளுங்க, பதில் சொல்றது அவங்க வேலைதான்.

யாரை அனுப்பறதுங்கறதுல நிறைய சங்கம் தலைவரையும் செயலாளரையும் அனுப்பும், மரியாதைக்காக. நான் சொல்றது, அந்தப் பிரச்சனையை அனுபவிச்ச ஒருத்தர், மசோதாவை வரி வரியா படிச்ச ஒருத்தர், இந்த ரெண்டு பேரும் கட்டாயம். முதல் ஆள் பேசினா ரூம் கவனிக்கும், ரெண்டாவது ஆள் அதை ஷரத்து எண்ணோட முடிச்சு போடணும். தலைவர் கூட வரட்டும், அறிமுகம் பண்ணி வைக்கட்டும்.

பேச்சை மூணு நிமிஷத்துல முடியற மாதிரி ஒண்ணு, ஒரே நிமிஷத்துல முடியற மாதிரி ஒண்ணு, ரெண்டும் தயார் பண்ணுங்க. ஏன்னா பத்து நிமிஷம்னு சொல்லிட்டு முன்னாடி போனவங்க நேரத்தை சாப்பிட்டுட்டா உங்களுக்கு ஒரு நிமிஷம்தான் கிடைக்கும். கோரிக்கையை முதல் வாக்கியத்துலயே வைங்க, கடைசிக்கு வைச்சா நேரம் முடிஞ்சு மணி அடிச்சிருவாங்க. இப்படி ஆரம்பிக்கலாம் (ஷரத்து எண்ணும் வாசகமும் சும்மா உதாரணத்துக்கு): "தலைவர் அவர்களே, வணக்கம். நான் பதினெட்டு வருஷமா பூ வியாபாரம் பண்றேன். ஷரத்து 19ல 'நியாயமான காலம்'னு இருக்கறதை 'அதே நாளில்'னு மாத்தணும்னு கேக்க வந்திருக்கேன். பூ சாயங்காலத்துக்கு மேல தாங்காது." இவ்வளவுதான், இதுக்கு மேல பேசறது எல்லாம் இதுக்கு ஆதாரம்.

வீட்டுல பேசிப் பாருங்க, ஆனா பேச்சை விட கேள்விக்குத்தான் ஒத்திகை வேணும். வழக்கமா வர்ற கேள்விகள் எனக்குத் தெரிஞ்சு இவைதான்: நீங்க கேக்கற மாதிரி மாத்தினா அதை தப்பா பயன்படுத்த மாட்டாங்களா, இது மாநில அரசு பாத்துக்க வேண்டியது தானே, எத்தனை பேருக்கு இந்தப் பாதிப்பு, இதுக்கு ஏற்கனவே சட்டம் இருக்கே அப்புறம் எதுக்கு, உங்களுக்கு யார் பணம் குடுக்கறா. கடைசிக் கேள்வி வந்தா கோவப்படாதீங்க, சந்தா ரசீது இருக்கு தர்றோம்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுங்க. உங்களோட ஒத்துப்போகாத ஒருத்தரை கூப்பிட்டு உக்கார வைச்சு கேள்வி கேக்கச் சொல்லுங்க, நம்ம ஆளுங்களே கேட்டா வலிக்காத கேள்வியாத்தான் வரும்.

உள்ள போனா சில முறை இருக்கு, சாட்சிகளுக்கான குறிப்புல எழுதியே வைச்சிருக்காங்க. உக்காரும்போதும் கிளம்பும்போதும் தலைவரைப் பாத்து தலை வணங்கணும், தலைவருக்கு எதிர்ல ஒதுக்கின சீட்ல உக்காரணும், சத்தியப்பிரமாணம் கேட்டா எடுக்கணும், என்ன சொன்னாலும் தலைவரைப் பாத்து மரியாதையா சொல்லணும், எதையும் மெல்லக் கூடாது. பொய் சொல்றது, மறைக்கறது, கேட்ட கேள்விக்கு பதில் சொல்ல மறுக்கறது, இதெல்லாம் சபை உரிமை மீறல்ல வரும். அதே சமயம் சாட்சி சொன்னதுக்காக உங்களை யாராவது மிரட்டினாலும் அது சபை அவமதிப்புதான், உடனே குழுச் செயலகத்துக்கு எழுதுங்க, எந்த லோக்கல் ஆள் மிரட்டினாலும் சரி. கூட்டம் மூடின கதவுக்குள்ளதான் நடக்கும், போன்ல ரெக்கார்ட் பண்ற எண்ணமே வேண்டாம்.

தெரியாத கேள்விக்கு "இப்ப கையில விவரம் இல்ல, எழுத்துல அனுப்பறோம்"னு சொல்லலாம், அதுல எந்தக் குறையும் இல்ல, சொன்ன மாதிரி ஒரு வாரத்துக்குள்ள அனுப்பிடணும். நீங்க சொல்றதுல ஏதாவது வெளிய வந்தா உங்களுக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா அந்தப் பகுதியை ரகசியமா வைக்கச் சொல்லி அங்கேயே தலைவர்கிட்ட கேளுங்க. இல்லன்னா சாட்சியம் பொது ஆவணமாத்தான் கருதப்படும், ரகசியம்னு கேட்டாலும் எம்பிக்கள் பாக்க வாய்ப்பு உண்டு, அதைத் தெரிஞ்சுகிட்டு பேசுங்க. பாதிக்கப்பட்ட பொண்ணோட பேரு, குழந்தையோட பேரு, இதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

வந்த பிறகு

பேசினது வார்த்தைக்கு வார்த்தை பதிவாகும், அந்தப் பதிவை சரிபார்க்கச் சொல்லி அனுப்புவாங்க. மொழிபெயர்ப்புல வந்திருந்தா இதை சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிடாதீங்க, "கூடாது" வேற "வேண்டியதில்லை" வேற, மாறியிருந்தா திருத்தி டைமுக்குள்ள திருப்பி அனுப்புங்க. புது வாதம் எல்லாம் அதுல சேக்கக் கூடாது.

அறிக்கை வந்தா உங்க ஷரத்து பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு முதல்ல பாருங்க, அப்புறம் பின்னாடி இருக்கற மாறுபட்ட கருத்துக் குறிப்பைப் படிங்க. குழு ஏத்துக்காத உங்க வாதத்தை ஒரு எம்பி தன் பேர்ல அங்க எழுதியிருக்கலாம். 2023ல வனப் பாதுகாப்பு திருத்த மசோதாவை கூட்டுக்குழு ஒரு மாத்தமும் இல்லாம அப்படியே திருப்பி அனுப்புச்சு, ஆனா எதிர்ப்புக் குறிப்புகள் பதிவுல இருக்கு. குழுவோட பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, அறிவுரைதான். ஆனா 2018ல கல்பனா மேத்தா வழக்குல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு நாடாளுமன்றக் குழு அறிக்கையை நீதிமன்றம் எடுத்துப் பாக்கலாம்னு சொல்லியிருக்கு, அதனால இன்னைக்குத் தோத்த மாதிரி தெரியற ஒரு பத்தி நாலு வருஷம் கழிச்சு ஒரு வழக்குல கைகொடுக்கலாம்.

மசோதா சபைக்கு வர்ற வாரம் உங்க எம்பிக்கு அந்த மாற்று வாசகத்தை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, அவர் திருத்தமா கொண்டுவரலாம். மனு, ஆதாரம், கேள்வி பதில் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு பத்திரமா வைங்க, ஏன்னா சட்டம் ஆன பிறகு விதி வரும், வரைவு விதிக்கும் கருத்து கேப்பாங்க. திருநர் சட்டத்துக்கு 2020ல வரைவு விதி வந்து, அதுக்கும் ஆளுங்க எழுதி, செப்டம்பர்ல வந்த இறுதி விதியில மருத்துவப் பரிசோதனை இல்லாம சான்றிதழ்னு எழுதியே இருந்துச்சு. அந்தக் கட்டத்துல புதுசா உக்காந்து எழுத நேரம் இருக்காது, ஷரத்து எண்ணுக்குப் பதிலா விதி எண்ணைப் போட்டு பழைய மனுவையே திருத்தி அனுப்பலாம்.